சியூஸுக்குப் பொங்குவார் யார்?



கிரேக்கரின் பழைய தெய்வங்களை இன்றைக்கும் யாராவது நம்புகிறார்களா? வரலாற்றுப் பாடத்தில் சியூஸ், அதீனா, அப்பொல்லோ என்ற பெயர்களைப் படிக்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. பெரியவர்கள் பெரும்பாலும் “இல்லை, அது வெறும் கதை” என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். சாவகச்சேரியில் இருந்துகொண்டு அந்தக் கேள்வியை அவ்வளவு விரைவாகத் தாண்டிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க மட்டுவிலில், ஒரு பழங்காப்பியத்தின் தலைவி இன்றைக்கும் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கிறாள். கிரேக்கத்தில் நின்றுபோனது எது, இங்கே நிற்காமல் இருப்பது எது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் கிரேக்கத்துக்குப் போவோம். அறிவு வளர்ந்தது, ஐயம் பிறந்தது, அதனால் தெய்வங்கள் மறைந்தன என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். நடந்தது அப்படி அல்ல. ஐயம் அங்கே மிகப் பழையது. கிறிஸ்துவுக்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே செனோபனீஸ் என்ற புலவர், குதிரைகளுக்கும் எருதுகளுக்கும் கை இருந்து வரையத் தெரிந்திருந்தால் அவை தெய்வங்களைக் குதிரை வடிவிலும் எருது வடிவிலும் வரைந்திருக்கும் என்று சொல்லிவிட்டார். கி.மு. 300 அளவில் யூஹெமரஸ், தெய்வங்கள் எல்லாம் ஒருகாலத்தில் வாழ்ந்து மறைந்த அரசர்கள் என்று எழுதினார். தெய்வங்களைப் பொய்யராகவும் காமுகராகவும் காட்டும் கவிதைகள் தன் நகரில் வேண்டாம் என்றார் பிளேட்டோ. இவ்வளவுக்குப் பிறகும் பலிபீடங்களில் புகை எழுந்துகொண்டுதான் இருந்தது. கி.பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த புளூட்டாக் தத்துவம் படித்தவர். புராணக் கதைகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதியவர். அவரேதான் டெல்பி ஆலயத்தில் பூசகராகவும் இருந்தார்.

ஆக, தெய்வங்களை வீழ்த்தியது ஐயம் அன்று. 391, 392ஆம் ஆண்டுகளில் பேரரசன் தியோடோசியஸ் பிறப்பித்த கட்டளைகள் பலியைத் தடுத்தன, ஆலயங்களுக்குள் போவதைத் தடுத்தன, வீட்டில் குலதெய்வத்துக்கு விளக்கும் சாம்பிராணியும் வைப்பதைக்கூடத் தடுத்தன. 529இல் ஜஸ்டினியன் காலத்தில் அதென்ஸின் தத்துவப் பள்ளி மூடப்பட்டது. தெற்கு முனையில் மானி என்ற மலைப்பகுதி மக்கள் மட்டும் 9ஆம் நூற்றாண்டுவரை பழைய தெய்வங்களை விடாமல் இருந்தார்கள்.

இதில் என்னை நெடுநாள் யோசிக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. கட்டளைகள் வழிபாட்டைத்தான் தடுத்தன. கதையை யாரும் தடுக்கவில்லை. கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்களில் ஹோமர் தொடர்ந்து பாடநூலாக இருந்தார். கிறிஸ்தவர்களே ஏடுகளைப் படியெடுத்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஹோமரின் இரு காப்பியங்களுக்கும் மிக விரிவான உரை எழுதிய யூஸ்தாதியஸ், தெசலோனிக்காவின் பேராயர். சியூஸின் கதை பத்திரமாக இருந்தது. சியூஸுக்கு ஒரு பிடி பார்லியைக் கொண்டுபோகத்தான் ஆளில்லை.

இன்று மீண்டும் சிலர் போகிறார்கள். 1997இல் கிரேக்கத்தில் பழஞ்சமயத்தாரின் உயர் மன்றம் ஒன்று உருவானது. 2007 ஜனவரியில் அதென்ஸ் நகரில் சியூஸின் பாழடைந்த ஆலயத் தூண்களுக்கிடையே ஒரு குழுவினர் கூடி வழிபட்டார்கள். 2017இல் கிரேக்க அரசு அந்தச் சமயத்தை அறியப்பட்ட சமயங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஒலிம்பஸ் மலையடிவாரத்தில் ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். ஆகவே, இன்றைக்கும் நம்புகிறார்களா என்று கேட்கும் பிள்ளைக்கு, ஆம், சிலர் நம்புகிறார்கள் என்பதே உண்மையான பதில். அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் நூலைப் படித்துத் தெய்வத்திடம் போனவர்கள். தாயிடமிருந்து மகளுக்கு வந்த நேர்த்திக்கடன் அவர்கள் கையில் இல்லை. 15 நூற்றாண்டுகள் இடையில் கிடக்கின்றன.

அந்த இடைவெளி எல்லா இடத்திலும் முழுமையாக விழுந்துவிடவில்லை. அதென்ஸுக்கு அருகே எலியூசிஸ் என்ற ஊர், பழங்காலத்தில் விளைச்சலின் தாயான டிமீட்டருக்குரிய திருத்தலம். 1801இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த எட்வர்ட் டானியல் கிளார்க் அங்கே போனார். ஊர்க் களத்தருகே, கழுத்தளவுக்கு எருக்குவியலில் புதைந்து ஒரு பெரிய சலவைக்கல் பெண்ணுருவம் நின்றது. தங்கள் வயல் விளைவது அவளால்தான் என்று ஊரார் சொன்னார்கள். அவர்கள் எல்லாரும் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற கிறிஸ்தவர்கள். கிளார்க் துருக்கிய அதிகாரியிடம் அனுமதி பெற்றுச் சிலையை எடுக்க முனைந்தார். முந்தைய மாலை நுகத்திலிருந்து அறுத்துக்கொண்டு வந்த எருது ஒன்று அந்தச் சிலையை முட்டிவிட்டு, கதறிக்கொண்டு வெளியில் ஓடியது. ஊரார் கைவைக்க அஞ்சினார்கள். கடைசியில் ஊர்ப் பாதிரியார் திருவுடை அணிந்து முதல் வெட்டு வெட்டிய பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். இதை எடுத்துப்போகும் கப்பல் கரை சேராது என்றார்கள் ஊரார். கப்பல் இங்கிலாந்துக் கரையோரத்தில் உடைந்தது. சிலை மீட்கப்பட்டு இன்று கேம்பிரிட்ஜில் பிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அது டிமீட்டரே அல்ல, ஆலய வாயிலைத் தாங்கிய பெண்ணுருவத் தூண் என்று பின்னால் ஆய்வாளர் கண்டார்கள். அந்த உழவருக்கு அது எப்படித் தெரியும்? ஹோமரும் அவர்களுக்குத் தெரியாது, டிமீட்டரின் கதையும் தெரியாது. எரு கொட்டி, விளைச்சலை அவளிடம் எதிர்பார்த்தார்கள். கதை போன பிறகும் கடமை நின்றது. பேராயர் யூஸ்தாதியஸிடம் கதை முழுதும் இருந்தது, கடமை எதுவும் இல்லை. இந்த இரண்டு பக்கத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

கண்ணகியைப் பற்றி நமக்கு இரண்டு வழியாகச் செய்தி வருகிறது. ஒன்று இளங்கோவடிகளின் சிலப்பதிகாரம். சேரன் செங்குட்டுவன் கோயில் எடுத்த விழாவில் இலங்கை வேந்தன் கயவாகு இருந்தான் என்று அது சொல்கிறது. கயவாகுவை கி.பி. 2ஆம் நூற்றாண்டு அரசனாக நம் வரலாறு அறியும். அவனைப் பற்றிச் சுருக்கமாகப் பேசும் மகாவம்சம், கண்ணகியைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிற்காலத்து இராஜாவலியதான் அவன் சிலம்பு கொண்டுவந்த கதையைச் சொல்கிறது. வரலாற்று மாணவர்கள் இந்த மௌனத்தை மறக்கக் கூடாது.

மற்றது, ஊர்களில் பாடப்பட்ட கதை. மட்டக்களப்புப் பக்கம் அது கண்ணகி வழக்குரை. யாழ்ப்பாணத்தில் கோவலன் கதை. வைகாசிச் சடங்கில், குளிர்த்திக்கு முன், கிழக்கிலங்கைக் கண்ணகி கோயில்களில் இன்றும் வழக்குரை படிக்கிறார்கள். அந்தக் கண்ணகி, மாங்கனியிலிருந்து பிறந்தவள். அவளுடைய சிலம்புக்கு நாகமணி வேண்டும் என்று மீகாமன் கடலோடுகிறான். நம் தீவுப்பகுதியில் வெடியரசன் அவனை மறித்துப் போர் செய்கிறான். நெடுந்தீவில் இன்றும் வெடியரசன் கோட்டை என்று ஒரு கல் இடிபாட்டைக் காட்டுகிறார்கள். இளங்கோவடிகளின் நூலில் இதில் எதுவும் இல்லை.

சிங்கள மக்களிடம் அவள் பத்தினித் தெய்வம். கண்டிப் பெரஹராவில் ஊர்வலம் வரும் நான்கு தேவாலயங்களுள் ஒன்று அவளுடையது. கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பெருநூல் முழுவதும் அவளைப் பற்றியதுதான். மொழியும் சமயமும் வேறான இரண்டு மக்கள் ஒரே பெண்ணிடம் நோயும் மழையும் பற்றி முறையிட்டு வந்திருக்கிறார்கள். நம் அரசியல் மேடைகள் இந்தச் செய்திக்குப் போதிய இடம் தந்ததில்லை என்பது என் வருத்தம்.

யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் இந்த வழிபாட்டுக்கு ஒரு பெரும் சோதனை வந்தது. ஆறுமுக நாவலர் சைவத்தை ஆகம நெறியில் நிறுத்தப் பாடுபட்டவர். சமண வணிகர் குலத்தில் பிறந்த ஒரு மானிடப் பெண்ணைச் சைவர் கோயில் கட்டிக் கும்பிடுவது தகாது என்பது அவர் நிலைப்பாடு. கண்ணகை அம்மன் கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. நாவலரின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. மிஷனரிமாரின் கேலிக்கு எதிரே தம் சமயத்தைத் தலைநிமிர வைக்க நினைத்தவர் அவர். ஆனால் இன்னொரு தேதியையும் பாருங்கள். நாவலர் மறைந்தது 1879இல். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரம் முழுவதையும் உரையோடு அச்சிட்டது 1892இல். நூல் எல்லார் கைக்கும் வருமுன்பே, ஏட்டையும் பாட்டையும் கொண்டே நம் ஊர்ப் பெண்கள் அவளை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தார்கள்.

நூல் வந்த பிறகு நடந்தது வேறு. கண்ணகி தமிழினத்தின் அடையாளமானாள். மேடையில், திரையில், பாடநூலில் நின்றாள். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாக் கடற்கரையில் சிலையானாள். 2001 டிசம்பரில் அந்தச் சிலை அகற்றப்பட்டது, பெரும் எதிர்ப்பு எழுந்தது, 2006 ஜூனில் மீண்டும் நிறுவப்பட்டது. அந்தப் போராட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக அந்தச் சிலையிடம் யாரும் நேர்த்தி வைப்பதில்லை. அதீனாவுக்கு நேர்ந்ததே மெரினாக் கண்ணகிக்கும் நேர்ந்திருக்கிறது: எல்லாருக்கும் தெரிந்தவள், யாருக்கும் கடன் படாதவள். தமிழகத்தின் எல்லை மலையில் மங்கலதேவி கோயிலுக்குச் சித்திரைப் பௌர்ணமியில் மக்கள் ஏறிப் போவதை நான் மறக்கவில்லை. அது ஆண்டில் ஒரு நாள்.

இனி மட்டுவில். பன்றித்தலைச்சி அம்மன் என்று ஊர் கண்ணகியை அழைக்கிறது. அந்தப் பெயருக்கு ஊரில் வழங்கும் கதையைப் பலவிதமாகச் சொல்வார்கள், சாரம் இதுதான். ஒருவன் மாட்டைக் களவெடுத்து வெட்டிவிட்டான். தேடி வந்தவர்கள் பிடிக்கும் நேரத்தில் அம்மனிடம் ஓடி அழுதான். வந்தவர்கள் திறந்து பார்க்கையில் அங்கே இருந்தது பன்றியின் தலை.

படித்தவர்கள் பலர் இந்தக் கதையைக் கேட்டு முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். களவுக்குத் துணைபோகும் தெய்வமா என்று கேட்கிறார்கள். எனக்கு இது நம் நாட்டில் பிறந்த கண்ணகிக் கதைகளிலேயே ஆழமானதாகத் தெரிகிறது. மதுரையில் என்ன நடந்தது? களவெடுக்காத ஒருவனைக் கள்வன் என்று சொல்லி, விசாரியாமல் வெட்டினார்கள். அந்த இழப்பைச் சுமந்துகொண்டு வந்தவள் மட்டுவிலில் ஒரு கோயிலில் இருக்கிறாள். வாளோடு வந்தவர்கள் மீண்டும் ஒரு கள்வனைத் துரத்திக்கொண்டு வருகிறார்கள். இந்த முறை அவன் உண்மையிலேயே கள்வன். அவள் அவனையும் விட்டுக்கொடுக்கவில்லை. இதை எழுதிய புலவன் இல்லை. கதையைத் தொடர்ந்து யோசித்தவர்கள் இந்த ஊர்க் கமக்காரர்கள். ஒரு தெய்வத்தின் கதை உயிரோடிருக்கும் இடத்தில் அது இப்படி வளரும்.

கிரேக்கத்திலும் இதே வளர்ச்சியைக் காணலாம். எப்பிடோரஸ் என்ற ஊரில் மருத்துவத் தெய்வம் அஸ்கிளேப்பியஸின் ஆலயம். நோயாளர் அங்கே இரவு துயின்று கனவில் குணம் பெற்ற செய்திகளைக் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கல்லில் வெட்டி வைத்தார்கள். அதில் அதென்ஸிலிருந்து வந்த அம்புரோசியா என்ற பெண்ணின் கதை ஒன்று. ஒரு கண் தெரியாதவள். முடவரும் குருடரும் கனவு கண்டால் குணமாகுமா என்று சிரித்தாள். அன்றிரவு தெய்வம் கனவில் வந்து, குணப்படுத்துகிறேன், ஆனால் உன் அறியாமைக்கு அடையாளமாக ஒரு வெள்ளிப் பன்றி செய்து வைக்க வேண்டும் என்றது. விடிந்தபோது கண் தெரிந்தது. நம் கோயில்களில் வெள்ளித் தகட்டில் கண்ணும் காலும் செய்து சாத்துபவர்களுக்கு இந்தக் கல்வெட்டை விளக்கவே தேவையில்லை. அஸ்கிளேப்பியஸ் அப்போது உயிரோடிருந்தார்.

பங்குனித் திங்களில் மட்டுவிலுக்கு வரும் கூட்டத்தை இந்த அவையில் உள்ளவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. முன்பு மாட்டுவண்டி கட்டி வந்தார்கள், இப்போது உழவு இயந்திரத்திலும் வானிலும் பஸ்ஸிலும் வருகிறார்கள். மூன்று கல் வைத்து, பாளையும் பன்னாடையும் எரித்து, பானையில் பால் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்று பார்த்து நிற்கிறார்கள். பிறகு அங்கேயே சோறும் மட்டுவில் கத்தரிக்காய்க் கறியும் சமைத்து எல்லாரும் இருந்து சாப்பிடுகிறார்கள். இவர்களில் ஒருவரை நிறுத்தி, “கண்ணகி மதுரையை எரித்தது உண்மையென்று நம்புகிறீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். “அது கிடக்கட்டும், போன வருசம் மகளுக்கு நேர்ந்தது, அதுதான் வந்தனாங்கள்” என்பார்கள். கதை உண்மையா என்ற கேள்வி அவர்கள் வந்த காரணத்துக்குப் பக்கத்திலேயே இல்லை.

பிரெஞ்சு வரலாற்றறிஞர் போல் வெய்ன், கிரேக்கர் தம் புராணங்களை நம்பினார்களா என்பதையே தலைப்பாக்கி 1983இல் ஒரு நூல் எழுதினார். அதில் எத்தியோப்பியாவின் டோர்சே மக்களைப் பற்றிய செய்தி வருகிறது. சிறுத்தை ஒரு கிறிஸ்தவ விலங்கு, நோன்பு நாளில் அதுவும் நோன்பிருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனாலும் நோன்பு நாளில் ஆட்டுக்குக் காவல் போடாமல் விடமாட்டார்கள். நம் வீடுகளில் பிள்ளைக்குப் பொக்கிளிப்பான் வந்தால் அம்மாள் வருத்தம் என்கிறோம். வேப்பிலை வைக்கிறோம். அதே கையால் பனடோலும் கொடுக்கிறோம். இரண்டில் எதுவும் பொய்யில்லை.

அச்சந்தான் இந்த வழிபாட்டின் வேர் என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்த அம்மனிடம் நம் முன்னோர் மிகவும் அஞ்சிக் கேட்டது பெரியம்மையிலிருந்து காவல். உலக சுகாதார நிறுவனம் 1980இல் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று அறிவித்தது. நோய் போனது, பொங்கல் போகவில்லை. கேட்பதற்கு வேறு வந்துவிட்டது.

என்ன வந்தது என்பது இந்த மண்ணுக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் 30ஆம் தேதி போரால் வலிகாமம் முழுதும் நடந்து தென்மராட்சிக்கு வந்தது. 2000ஆம் ஆண்டில் இந்தச் சாவகச்சேரி நகரமே தரைமட்டமானது. 2009 மே மாதத்தில் வற்றாப்பளைக் கண்ணகியின் கண்ணெதிரே நந்திக்கடலில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கோயிலில் வைகாசி விசாகப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கு எரிப்பது மரபு. மே மாதத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார், அதே பருவத்தில் அதே கரைக்குப் பானை தூக்கி வருகிறார்கள். காப்பாற்றாத தெய்வத்திடம் ஏன் போகிறார்கள்? இந்தக் கேள்வியை எளிய விடையால் மூடிவிட எனக்கு மனமில்லை. ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். அவர்கள் எப்போதும் துதித்துக்கொண்டு நிற்பதில்லை. “அம்மாளாச்சி, உனக்குக் கண் இல்லையோ?” என்று கேட்கிறார்கள். ஏசுகிறார்கள். அழுகிறார்கள். பிறகு அடுப்பை மூட்டுகிறார்கள்.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். கையில் பிள்ளையின் படம். கோயில் வாசலில் தேங்காய் உடைத்தார்கள். அரசனின் வாயிலில் ஒற்றைச் சிலம்போடு வந்து நின்று, என் கணவன் செய்த குற்றம் என்ன என்று கேட்டவளின் வழக்கு அது. அவளிடமே அந்த வழக்கைக் கொண்டுபோகவும் நம் பெண்களால் முடிகிறது. கி.பி. 19இல் மக்கள் மிக நேசித்த ஜெர்மானிக்கஸ் இறந்த செய்தி வந்தபோது, உரோமரும் கோயில்கள்மேல் கல்லெறிந்தார்கள், வீட்டுத் தெய்வங்களைத் தெருவில் வீசினார்கள். இன்று சியூஸின் தூண்களை நோக்கி ஒரு கல்லெறிய யாருக்கும் காரணமில்லை. ஒரு தெய்வத்தை மக்கள் நம்புகிறார்களா என்று அறிய, அதனோடு யாருக்காவது வழக்கு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம். கதையை ஒப்புக்கொள்கிறார்களா என்று கேட்டால் பேராயர் யூஸ்தாதியஸையும் எலியூசிஸ் உழவரையும் இடம் மாற்றி வைத்துவிடுவோம்.

இந்த அவையிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. கோவலன் கதை பாடத் தெரிந்தவர்கள், பன்றித்தலைச்சியின் கதையைத் தம் பேத்திக்குச் சொன்னதுபோலச் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடையே குறைந்து வருகிறார்கள். மட்டக்களப்பில் வீ. சீ. கந்தையா 1968இல் கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்துக் காத்தார். தென்மராட்சிக்கு அப்படி ஒரு தொகுப்பு வேண்டும். மாணவர்கள் கைகளில் இப்போது தொலைபேசி இருக்கிறது. பங்குனியில் நான்கோ ஐந்தோ திங்கள்கள் வருகின்றன. அடுப்படியில் இருக்கும் அம்மம்மாவின் பக்கத்தில் இருந்து, பெயர் கேட்டு, ஊர் கேட்டு, என்ன நேர்த்தி என்று அவர் சொல்ல விரும்பினால் மட்டும் கேட்டு, கதையைப் பதிவு செய்யுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் அப்படியே எழுதுங்கள். ஒன்றைத் திருத்தி மற்றதோடு பொருத்த வேண்டாம். எழுதியதைப் பாடசாலை நூலகத்தில் ஒரு படியும் கோயிலில் ஒரு படியும் வையுங்கள். எழுத்துப் பிழை பார்த்துத்தர நான் வருகிறேன்.